இராபர்ட் ஹூக்

மேடுபள்ளம் நிறைந்த சாலையிலும் மோட்டார் வண்டி நம்மைத் தூக்கி எறியாமல் சுமந்து செல்கின்றது. வண்டிச் சட்டத்திற்கும் சக்கரங்களுக்கும் இடையே அமைந்த சுருள்விற்களே அதற்குக் காரணம். எவ்வளவு பாரத்திற்கு அவ்வில் எவ்வளவு அமிழும் என்று கணக்கிட வழி கண்டவர் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் ஆவார்.

ஹூக், 1635ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த ஒயிட் தீவில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். இளமையில் நோயால் பெரிதும் நலிந்தார். எனினும் அவர் கைகள் ஓய்ந்திருக்கவில்லை. பித்தளைக் கடிகாரம் ஒன்றைப் பிரிக்கக் கண்ட அச்சிறுவர், அதுபோன்ற ஒன்றை மரத்தால் செய்து ஓடவிட்டார். 1648இல் தந்தையார் மறைந்தார். சிறிதளவு பொருளோடு இலண்டன் சென்ற ஹூக், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் கல்வி பயின்றார். 1662இல் இராயல் கழகத்தின் சோதனைப் பொறுப்பாளரானார். 1665இல் நுண்பெருக்கியால் கண்டவற்றை நூலாக்கினார். தக்கையின் சிற்றறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டவரும் இவரே.

வில்லின் இயல்பை அறிய ஹூக் மேற்கொண்ட முறை மிக எளியது. இருபது, முப்பது, நாற்பது அடி நீளமுள்ள கம்பிகளை ஆணியில் கட்டித் தொங்கவிட்டார். நுனியில் தட்டைக் கட்டி, எடைகளை ஒவ்வொன்றாக இட்டு, நீட்சியை அளந்தார். சுருள்விற்களையும் அவ்வாறே சோதித்தார். எடை இருமடங்கானால் நீட்சியும் இருமடங்காயிற்று, மும்மடங்கானால் மும்மடங்காயிற்று.

தம் கண்டுபிடிப்பைப் பிறர் கவர்ந்துகொள்வரோ என்னும் அச்சம் ஹூக்கிற்கு எப்போதும் உண்டு. 1675இல், கடிகாரச் சுருள்வில் பற்றி ஹைகன்ஸ் என்னும் டச்சு அறிஞரோடு பெரும்பூசல் மூண்டது. ஆதலின் 1676இல் தம் விதியைப் பதினான்கு எழுத்துகள் கொண்ட புதிராகவே வெளியிட்டார். 1678இல்தான் அதனை விளக்கி எழுதினார்.

இவ்விதியின் பயனை ஒரு கணக்கால் அறிவோம். 20 கிலோகிராம் பாரத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அமிழும் சுருள்வில்லின்மேல், வண்டியின் பாரம் 300 கிலோகிராம் இருப்பின், அது 15 சென்டிமீட்டர் அமிழும். பயணிகள் ஏறியதால் 60 கிலோகிராம் கூடினால், மேலும் 3 சென்டிமீட்டர் தாழும். இருமடங்கு விறைப்புள்ள வில்லாயின் ஒன்றரைச் சென்டிமீட்டரே தாழும். ஆனால் குலுக்கல் மிகும். ஆகவே வண்டி நிற்கவேண்டிய உயரத்தையும் பயணிகளின் நலத்தையும் சீர்தூக்கியே பொறியாளர் வில்லைத் தேர்கின்றனர். அளவு கடந்த பாரம் ஏற்றினால், வில் பழைய நிலைக்கு மீளாது என்பதும் நினைவில் இருத்தற்பாலது.

ஹூக் 1703ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இயற்கை எய்தினார். அவருடையது என்று ஐயமின்றிக் கூறத்தக்க உருவப்படம் ஒன்றேனும் இன்று இல்லை. ஆயினும், பிறர் கவர்வரோ என்று அவர் அஞ்சி மறைத்த விதி, இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகளும் அறிய அவர் பெயராலேயே வழங்குகின்றது.