லொவினாவின் தேசாதிபதி

நாங்கள் தமிழில் கல்கிசை என்று சொல்லும் ஊரை ஆங்கிலத்தில் மவுண்ட் லவினியா என்கிறார்கள். தெஹிவளையிலிருந்து காலி வீதியால் தெற்கே போனால் அடுத்த ஊர் அதுதான். அங்கே கடலோரப் பாறைமேல் நிற்கும் வெள்ளை ஹோட்டலைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அந்த இடத்தில் முன்னர் வாழ்ந்தவர் சேர் தோமஸ் மெயிட்லண்ட்.

அவர் 1760இல் ஸ்கொட்லாந்தின் லோடர்டேல் பிரபுவின் மகனாகப் பிறந்தார். இராணுவத்தில் சேர்ந்து, 1798இல் ஹெயிட்டியில் அடிமைகளின் விடுதலைக்காகப் போராடிய தூசான் லூவர்த்தூருடன் உடன்பாடு செய்து பிரித்தானியப் படைகளை வெளியேற்றினார். 1805இல் இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்தார்.

1806ஆம் ஆண்டை நாம் மறக்கக் கூடாது. கத்தோலிக்கர் மீது ஒல்லாந்தர் விதித்திருந்த தடைகள் அவ்வாண்டில்தான் நீங்கின. கொழும்பு மாகாண முஸ்லிம்களின் வாரிசுரிமை, விவாக வழக்கங்கள் நம் தலைவர்களின் ஒப்புதலோடு சட்டக்கோவையாக எழுதப்பட்டதும் அவ்வாண்டில்தான். கல்கிசையில் அவர் தமக்கென வீடு அமைத்ததும் அதே ஆண்டில்.

இனி வருவது சரித்திரப் புத்தகத்தில் உள்ளதல்ல, ஊர்க்கதை. எனக்கு உம்மம்மா சொன்னது. வரவேற்பு விருந்தொன்றில் லொவினா என்ற பெண் நடனமாடினாளாம். தகப்பன் வழியில் போர்த்துக்கேய இரத்தம், தாய் சிங்களப் பெண். தேசாதிபதி அவள்மீது மனம் வைத்தார். ஊரறியச் சந்திக்க முடியாததால், அவள் வீட்டருகே இருந்த கிணற்றிலிருந்து தேசாதிபதி வீட்டின் நிலவறை வரை சுரங்கம் தோண்டினார்களாம்.

கதை சொல்பவர்கள் எல்லோரும் சுரங்கத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. பிறருடைய விவாகத்துக்குச் சட்டம் எழுதச் செய்தவர், பழைய தடைகளை ஒரே கையொப்பத்தில் நீக்கியவர், இவளை ஏன் ஊரறிய மணமுடிக்கவில்லை? அவர் காலத்துப் பிரபுக்கள் சிரித்திருப்பார்கள், பதவியும் போயிருக்கலாம். ஆனாலும் இருட்டில் குனிந்து நடந்தவள் அவள்தானே!

சுகவீனம் காரணமாக 1811இல் மெயிட்லண்ட் இலங்கையை விட்டுப் போனார். 1813இல் மோல்டாத் தீவின் ஆளுநரானார். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தபோது கடும் கட்டுப்பாடுகள் விதித்தார். அதிகாரமாக நடந்ததால் அவரை ராஜா டொம் என்று கேலியாக அழைத்தார்கள். கடைசிவரை மணமுடிக்கவில்லை. 1824 ஜனவரியில் மோல்டாவில் இறந்தார். வலெட்டா நகரில் கடலைப் பார்த்த பூங்காவில் அவரது கல்லறை இருக்கிறது.

லொவினா எங்கே அடக்கப்பட்டாள் என்று உம்மம்மாவிடம் கேட்டேன். கதையில் அது இல்லை என்றார்.