பசிக்குது என்று கேட்டும் சாப்பாடு கிடைக்கவில்லை: கவிஞர் கீட்ஸின் கடைசி நாட்கள்

ஒரு நெத்திலி மீன், ஒரு துண்டு ரொட்டி. ஒரு நாள் முழுக்க இவ்வளவுதான் சாப்பாடு. காசநோய் முற்றிப்போயிருந்த ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸுக்கு மருத்துவர் விதித்த பத்தியம் இது.

யார் இந்த கீட்ஸ்?

1795-ல் லண்டனில் பிறந்தவர். கைஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்று, 1816-ல் மருத்துவம் பார்க்க உரிமமும் வாங்கினார். ஆனா, கவிதைக்காக அந்தத் தொழிலை விட்டுவிட்டார். 14 வயசில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். தம்பி டாமுக்கும் அதே நோய். பக்கத்திலேயே இருந்து கவனித்தும், 1818 டிசம்பரில் தம்பி இறந்துபோனார்.

1820 பிப்ரவரி 3. குளிரில் பயணம் செய்து வீடு திரும்பிய கீட்ஸ் படுக்கையில் இருமினார். விரிப்பில் ஒரு சொட்டு ரத்தம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதன் நிறத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மருத்துவம் படித்தவராச்சே!

பட்டினி ஏன்?

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்தது 1882-ல்தான். கீட்ஸ் காலத்தில், உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, சாப்பாட்டையும் குறைத்தால் இருமலில் ரத்தம் வருவது நிற்கும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். லண்டனில் கீட்ஸுக்கு நடந்ததும் அதுதான்.

இத்தாலியின் வெயில் உதவும் என்று 1820 நவம்பரில் ரோம் போய்ச் சேர்ந்தார். அங்கே மருத்துவர் ஜேம்ஸ் கிளார்க், கோளாறு முக்கியமாக வயிற்றில்தான் என்று முதலில் நினைத்தார். டிசம்பரில் மறுபடி ரத்தம் வந்ததும் அதே வைத்தியம். எழுந்து நிற்கவே தெம்பில்லாத மனிதர் பசியில் கெஞ்சினார். கூடவே இருந்த நண்பர், ஓவியர் ஜோசப் செவர்ன், மருத்துவர் சொல்லை மீற முடியாமல் தவித்தார்.

1821 பிப்ரவரி 23-ல் கீட்ஸ் இறந்தார். வயது 25. பிரேதப் பரிசோதனையில் நுரையீரல் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்திருந்தது.

வயிறார சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? அப்படிச் சொல்ல முடியாது. நோயைக் குணப்படுத்தும் மருந்தே அன்று இல்லை. ஆனா, காசநோய் பசியைக் குறைக்கும், தசையைக் கரைக்கும், ஆளை அசத்திப்போடும். அந்த உடம்பைப் பட்டினி போட்டது வேதனையைக் கூட்டியது.

இன்று மருந்தோடு சத்துணவும் சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்காகவே இந்தியாவில் காசநோயாளிகளுக்கு அரசு மாதம் ரூ.1,000 தருகிறது. மாத்திரை சாப்பிடும் காலத்தில் எடை குறைந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, சோர்வுதானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.