அண்ணல் அம்பேத்கர் படித்த பாடங்கள்

எந்தப் பாடத்தை எடுத்தால் எந்த வேலை கிட்டும் என்னும் கணக்கு, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் வீடுகளில் ஓயாமல் நடக்கும் கணக்கு. தகப்பனார் ஒரு பக்கம் கூட்டுவார். மாமா ஒரு பக்கம் கழிப்பார். பரீட்சை முடிவு வரும் மாதத்தில் அண்டை வீட்டாரும் சேர்ந்து பெருக்குவர். இந்தக் கணக்கை ஒரு பெரியவரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அவர் நமக்கு அயலார் அல்லர். மாதுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் அவர் கட்டிய ராஜகிருகம் இன்றும் நிற்கிறது. அண்ணல் அம்பேத்கரைத்தான் சொல்கிறேன். அரசியல் சட்டத்தை வகுத்தவர் என்று அவரை அறியாதார் இல்லை. அவர் படித்த பாடங்களின் கதையைத்தான் பலர் அறியார்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி படையில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். சாத்தாராவில் பள்ளிக்குப் போன பிள்ளை, தனக்கென்று ஒரு கோணிச் சாக்கை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று அதன்மேல் அமர்ந்தான். மகார் குலத்துப் பிள்ளைக்குப் பலகை கிடையாது. தாகம் எடுத்தாலும் பிறர் ஊற்றினால்தான் தண்ணீர்.

குடும்பம் பம்பாய்க்கு வந்து, பரேலில் தொழிலாளர் வாழும் சால் ஒன்றில் குடியேறியது. ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே படிப்பு. பையன் முன்னிரவில் உறங்க, தந்தை விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தாம் படுப்பார். தாராவியில் இதைப் படிக்கும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது மணமான மகளிடம் நகை வாங்கி அடகு வைத்தும் வாங்கிக் கொடுத்தார் ராம்ஜி. ஆங்கிலத்தையும் மொழிபெயர்ப்பையும் அவரே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பையன் சமஸ்கிருதம் படிக்க விரும்பினான். தீண்டத்தகாதவனுக்கு அந்த மொழி கிடையாது என்று ஆகிவிட்டது. பாரசீகம் எடுக்க நேர்ந்தது. நம் வீட்டுக் கணக்கில் மதிப்பெண்ணைப் பார்த்துப் பாடம் தருகிறார்கள்; அங்கே பிறப்பைப் பார்த்துத் தந்தார்கள். அதே பள்ளியில் ஒருநாள் கரும்பலகையில் கணக்குப் போட அவனை ஆசிரியர் அழைக்க, மற்றப் பிள்ளைகள் பாய்ந்து சென்று, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சோற்றுப் பாத்திரங்களை அப்புறப்படுத்தினார்களாம். அதற்குப் பிறகுதான் கணக்கு.

1907-இல் மெட்ரிக் தேறினார். பாராட்டுக் கூட்டத்தில் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்க வழி செய்தவரும் அவரே. கல்லூரி முடிந்து, 1913-இல் அதே மன்னரின் உதவியால் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே முதன்மைப் பாடம் பொருளாதாரம். கூடவே சமூகவியல், வரலாறு, தத்துவம், மானிடவியல். யாரும் எதையும் மறுக்கவில்லை. 1916-இல் சாதிகளின் தோற்றம் பற்றி அவர் படித்த கட்டுரை மானிடவியல் வகுப்பில் பிறந்தது. வேலைக்கு உதவாத பாடம் என்று நம் மாமா அதைக் கழித்திருப்பார்!

படிப்பு வேலை தந்ததா? தந்தது. 1917-இல் பரோடா அரசில் பதவி. ஆனால் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் ஒதுங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. கொலம்பியாவில் எம்.ஏ. பெற்றவர் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து, அன்றிரவே பம்பாய்க்கு ரயில் ஏற நேர்ந்தது. பட்டத்தையும் பதவியையும் ஒன்றாகவே பேசும் நாம் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மன்னரின் உதவியும் சேர, 1920-இல் மீண்டும் லண்டன். ஒரே காலத்தில் பொருளாதாரமும் சட்டமும். பாரிஸ்டர் பட்டம் பெற்றார். ரூபாய்ப் பிரச்சினை பற்றிய ஆராய்ச்சி 1923-இல் நூலாயிற்று. இந்திய நாணயம் பற்றி ஆராய வந்த அரச ஆணையத்தின்முன் 1925-இல் சாட்சியம் அளித்தார். ரிசர்வ் வங்கியே அவர் நூலிலிருந்து பிறந்தது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. அவர் செய்தது அதில்லாமலேயே பெரிது.

சட்டம் உடனே சோறு போடவில்லை. உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் அரிதாக வந்தன. ஆகவே 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார். அந்தச் சட்டப் படிப்புத்தான் 1947 ஆகஸ்டில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைமையில் அவரை அமர்த்தியது. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் வருவாய் பங்கிடும் பகுதிகளைப் படிக்கும்போது, மாகாண நிதி பற்றி 1925-இல் நூல் வெளியிட்ட பொருளாதார மாணவர் எனக்குத் தெரிகிறார்.

மறுக்கப்பட்ட பாடம் என்ன ஆயிற்று? சூத்திரர் யார் என்பது பற்றி 1946-இல் நூல் எழுதியபோது, சமஸ்கிருதத்தில் தமக்குப் புலமை இல்லை என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டு, மொழிபெயர்ப்புகளைப் பல்லாண்டு கற்றதால் தமக்கு எழுதும் உரிமை உண்டு என்றும் வாதிட்டார். பள்ளிக்கூடம் அடைத்த கதவுக்கு ஐம்பத்தைந்து வயதிலும் விடை சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டில் அவர் தொடங்கிய கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தக் கல்லூரியைத் திறந்தது. 1949-இல் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, சமஸ்கிருதமே ஆட்சிமொழியாக வேண்டும் என்ற திருத்தத்தை ஆதரித்தவர்களுள் அவரும் ஒருவர். தமிழ் மாணவராகிய நமக்கு இது சற்றுக் கசக்கலாம். ஆனாலும் நடந்தது அதுதான். அத்திருத்தம் நிறைவேறவில்லை.