ரேடாரிடம் பிடிபட்ட ரேடார் நிபுணர்

கனடா நாட்டில், 1950-களில் ஒரு நாள், வேகமாக வந்த காரைப் போலீசார் நிறுத்தினர். ரேடார் கருவி வேகத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அபராதமும் விதித்தார்கள். காரை ஓட்டி வந்தவர் யார் தெரியுமா? சர் ராபர்ட் வாட்சன் வாட். பிரிட்டனுக்கு ரேடாரை உருவாக்கிக் கொடுத்தவரே அவர்தான்! அபராதத்தைக் கட்டியவர், தம்மைத் தாமே கேலி செய்து ஒரு பாட்டும் எழுதினார்.

ஸ்காட்லாந்தில் பிரெக்கின் என்ற சிற்றூரில், 1892-ம் ஆண்டு, தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இன்ஜினீயரிங் படித்துவிட்டு, 1915-ல் வானிலை இலாகாவில் சேர்ந்தார். மின்னல் வெட்டும்போது ரேடியோவில் கரகரப்பு வரும் அல்லவா? அது வரும் திசையை அளந்து, இடிமழை இருக்கும் இடத்தை விமானிகளுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

மரணக் கதிர்

1935-ல் ஜெர்மனியின் விமானப் படை பெருகி வந்தது. ரேடியோ அலையால் எதிரியைக் கொல்லும் 'மரணக் கதிர்' செய்ய முடியுமா என்று பிரிட்டிஷ் விமான இலாகா அவரைக் கேட்டது. உதவியாளர் அர்னால்ட் வில்கின்ஸ் கணக்குப் போட்டார். முடியாது என்று தெரிந்தது. ஆனால், விமானம் பறந்தால் ரேடியோ அலை கலங்குவதாகத் தபால் இலாகாவினர் சொன்னது வில்கின்சுக்கு நினைவு வந்தது. கொல்ல முடியாவிட்டால் என்ன? கண்டுபிடிக்கலாமே! (புகழில் பாதி வில்கின்சுக்குச் சேர வேண்டும்.)

பிப்ரவரி 26-ந்தேதி, டாவென்ட்ரி ஒலிபரப்பு நிலையத்துக்கு அப்பால், வயல்வெளியில் ஒரு வேன் நின்றது. மேலே குண்டு வீச்சு விமானம் ஒன்று போய் வந்தது. வேனுக்குள் இருந்த திரையில் ஒளிக்கோடு நீண்டது, குறுகியது. 8 மைல் தூரம் வரை விமானம் தெரிந்தது!

மூன்றாந்தரம் போதும்

மிகச் சிறந்த கருவி வரவே வராது. இரண்டாந்தரம் காலம் கடந்து வரும். மூன்றாந்தரத்தை இப்போதே கொடுங்கள் என்பது அவர் கட்சி. ஜெர்மானியரின் ரேடார் இதைவிட நுட்பமானது. ஆனால், 1939-ல் போர் மூண்டபோது பிரிட்டனின் கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் ரேடார் கோபுரங்கள் வரிசையாக நின்றன.

திரையில் படம் ஏதும் தெரியாது. புல் முளைத்தாற்போல் நடுங்கும் ஒளிக்கோடு. அதில் ஒரு சிறு வெட்டு. அது விமானமா, வெறும் இரைச்சலா? ஒன்றா, இருபதா? விமானப் படையின் இளம் பெண்கள் இரவு பகலாக உட்கார்ந்து கணித்தார்கள். 1940 கோடையில், எதிரி விமானங்கள் பிரான்சின் மேல் கூடும்போதே சேதி பறந்தது. பிரிட்டிஷ் போர் விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவை வீணாகச் சுற்றாமல், தேவையான இடத்துக்கு மட்டும் கிளம்பின.

1942-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1951-ல் அமெரிக்கர் கார்ல் வைலி இன்னொரு யோசனை கண்டார். பறந்துகொண்டே வாங்கும் எதிரொலிகளைச் சேர்த்தால், மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் பூமியைப் படமே எடுக்கலாம். அந்தப் படத்திலும் கப்பல் ஒரு வெள்ளைப் புள்ளிதான். கப்பலா, அலையா என்ற பழைய சந்தேகம் அங்கேயும் உண்டு. அத்தகைய ரேடாரோடு 'சீசாட்' செயற்கைக்கோள் கடலைப் பார்க்கக் கிளம்பியது 1978-ல். வாட்சன் வாட் 1973 டிசம்பரிலேயே ஸ்காட்லாந்தில் காலமாகிவிட்டார்.