உள்ளத்தின் குரலுக்குச் செவிசாய்த்த மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ்

உடல் நோயுற்றால் ஊரறிய மருத்துவரை நாடுகிறோம். உறவினர் பழம் வாங்கி வந்து நலம் விசாரிக்கின்றனர். உள்ளம் நோயுற்றாலோ கதவைச் சாத்திக்கொள்கிறோம். அண்டை வீட்டார் அறிந்தால் என்ன எண்ணுவரோ, பெண்ணுக்கு வரன் அமையுமோ என்று அஞ்சி, ஆறக்கூடிய புண்ணை ஆறவிடாமல் மூடி வைக்கிறோம்.

மயிலாப்பூரின் மாடவீதிகளுக்கு அருகிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் உளநல ஆலோசனை நிலையங்களின் பெயர்ப்பலகைகளை இன்று காண்கிறோம். தேர்வு அச்சத்தால் உறக்கமிழந்த மாணவரும், மனக்கசப்புற்ற கணவன் மனைவியரும் அங்கே செல்கின்றனர். ஆயினும் படியேறுமுன் தெரிந்தவர் எவரேனும் பார்க்கின்றனரோ என்று இருபுறமும் நோக்குவோர் பலர். அந்தக் கூச்சத்தைப் போக்க எண்ணினால், இம்மருத்துவத்தை இந்தியாவில் வேரூன்றச் செய்த ஒருவரின் வாழ்வை நாம் அறிதல் வேண்டும்.

நோய்க்கு மருந்து தேடுமாறு நமக்குக் கற்பித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். உள்ளத்து நோயும் இதில் அடங்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். கோபம், அச்சம், துயரம், ஓயாது அலைக்கழிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றுக்கு அவர் பரிகாரம் கூறினார். ஆகவே, மனநோய்க்கு மருத்துவம் தேடுவது நமக்குப் புதிதன்று. மறந்துபோனது என்பதே பொருந்தும். நவீன இந்தியாவில் அதனை ஒரு முறையான கல்வியாகவும் மருத்துவமாகவும் நிறுவிய முன்னோடியே கிரீந்திரசேகர் போஸ்.

இளமையும் கல்வியும்

கிரீந்திரசேகர் 1887ஆம் ஆண்டு பீகாரின் தர்பங்காவில் வங்காளிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை சந்திரசேகர் போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் திவானாகப் பணியாற்றியவர். தமையனார் ராஜசேகர் போஸ், 'பரசுராம்' என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்க இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்றவர்.

இளமையிலேயே மாயவித்தையிலும் அறிதுயிலிலும் கிரீந்திரசேகருக்கு நாட்டம் மிகுந்திருந்தது. 1910இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று மருத்துவத் தொழிலில் இறங்கினார். உடலில் குறையேதும் காணப்படாமலே துன்புறும் நோயாளிகள் அவர் கருத்தைக் கவர்ந்தனர். தொடக்கத்தில் அறிதுயில் முறையைக் கையாண்டார். பின்னர் அதனைக் கைவிட்டு, நோயாளியைத் தம் மனத்தில் தோன்றுவதை ஒளிக்காமல் பேசச் செய்து கேட்கும் முறைக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் உளவியலைத் தனித் துறையாகத் தொடங்கியிருந்தது. தொழிலில் பெயரெடுத்த மருத்துவர் மீண்டும் மாணவராகி, 1917இல் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியராகி, பின்னாளில் துறைத் தலைவராகவும் விளங்கினார். ஒரு தொழிலில் நிலைபெற்ற பின்னும் மாணவர் வரிசையில் அமரக் கூசாத அந்தப் பணிவு நம் இளைஞர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வியன்னாவுக்குச் சென்ற நூல்

மனம் தன்னால் தாங்க இயலாத விருப்பங்களை அடியாழத்தில் அமுக்கி வைக்கிறது. அவை வேறு வடிவில் நோயாக வெளிப்படுகின்றன. இவ்வாறு அமுக்கி வைத்தல் பற்றிப் போஸ் எழுதிய ஆய்வு, 1921இல் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. அந்நூலின் படியொன்றை அவர் வியன்னாவில் வாழ்ந்த உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். தம் கொள்கை அத்துணைத் தொலைவில் ஆராயப்படுவது கண்டு வியப்புற்ற பிராய்டு மகிழ்ந்து மறுமொழி எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து பல ஆண்டுகள் நீடித்தது. இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை.

1922இல் கல்கத்தாவின் பார்சிபாகான் சந்தில் இருந்த தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைப் போஸ் தோற்றுவித்தார். உலகச் சங்கம் அதனைத் தன் கிளையாக ஏற்றுக்கொண்டது. 1931இல் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளையொட்டிச் சங்கத்தின் சார்பில் தந்தத்தாலான திருமால் சிலையொன்று அனுப்பப்பட்டது. பிராய்டு தம் எழுதுமேசையில் வைத்துப் போற்றிய அச்சிலை, இன்றும் இலண்டனில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளது.

மாணவரல்லர், தோழர்

பிராய்டை மதித்த போஸ் அவர் கூறியவற்றையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தந்தையிடம் மகன் கொள்ளும் அச்சமும் போட்டியும் ஐரோப்பிய நோயாளிகளிடம் காணப்படுவதுபோலத் தம் நோயாளிகளிடம் காணப்படவில்லை என்று அவருக்கே எழுதினார். இந்தியக் குடும்ப வாழ்வில் வளர்ந்த உள்ளத்தை அதன் சூழலிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவரது அனுபவம் காட்டிய முடிவு.

அவருடைய தனிக்கொடை எதிர்நிலை விருப்பக் கொள்கையாகும். நாம் உணரும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரான விருப்பம் ஒன்று உள்ளத்தின் அடித்தளத்தில் மறைந்திருக்கிறது என்றார் அவர். பிறரை அடிக்க விரும்புபவனிடம் அடிபட வேண்டும் என்னும் விருப்பமும் ஒளிந்திருக்கும். இவ்விரண்டும் மோதும்போது நோய் பிறக்கிறது. இதற்கு அவர் கண்ட மருந்து எளிமையானது. ஆனால் பின்பற்ற அரியது. நோயாளி தம் கற்பனையில் ஒருமுறை தாமாகவும், மறுமுறை தமக்கு எதிரே நிற்பவராகவும் மாறி மாறி இருந்து பார்க்க வேண்டும். சிறுவர் ஏறி ஆடும் ஏற்றஇறக்கப் பலகைபோல மனம் இருபுறமும் சென்று வருகையில் மோதல் தணிகிறது.

போஸ் இம்முறையைத் தனியாளிடம் கையாண்டார். ஆயினும் இல்லறத்துக்கும் இது எத்துணைப் பொருந்துகிறது! தன் சொல்லே சரியென்று நிற்கும் கணவன் ஒருநாள் மனைவியின் இடத்தில் நின்று தன் குரலையே கேட்டுப் பார்க்கட்டும். மனைவியும் அவ்வாறே கணவன் நிலையில் நின்று எண்ணிப் பார்க்கட்டும். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியைத் தீர்க்கவே நடுநிலையான ஆலோசகர் தேவைப்படுகிறார்.

நிறுவனங்கள்

அறிவு ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்பதில் போஸ் உறுதியாக இருந்தார். அவரது முயற்சியால் 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோயாளிக்கான புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. இதன் சிறப்பை நாம் உணர வேண்டும். அந்நாளில் மனநோய் என்றாலே உயர்ந்த மதில்களுக்குள் அடைத்து வைத்தலே வழக்கம். பொது மருத்துவமனைக்கு வந்து, தம் குறையைச் சொல்லி, மருத்துவம் பெற்று, மாலையில் வீடு திரும்பலாம் என்பது பெரும் மாறுதல். 1940இல் தமையனார் ராஜசேகர் அளித்த இடத்தில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தோன்றியது. மூன்றே படுக்கைகளுடன் அது தொடங்கிற்று. 1947இல் 'சமீக்ஷா' என்னும் ஆய்விதழும் வெளிவந்தது. சங்கத்தின் தலைவராக இறுதிவரை பணியாற்றிய போஸ் 1953ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மறைந்தார்.

அவர் பணியில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. நாள்தோறும் வந்து நெடுங்காலம் பேசும் அம்மருத்துவம் பெரும்பாலும் படித்த நகர மாந்தரைத் தாண்டவில்லை. கூலித் தொழிலாளியும் சிற்றூர்ப் பெண்ணும் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். அக்குறையைக் களையும் பொறுப்பு பின்வந்தோருக்கு எஞ்சியது.

நம் நகரில்

அப்பொறுப்பைச் சென்னையில் ஏற்றவர்கள் உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் தலைமையேற்று நடத்திய டாக்டர் சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்கென 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தோற்றுவித்தார்; 2021இல் மறைந்தார். 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய 'சிநேகா' அமைப்பு, வாழ்வை வெறுத்தோரின் துயரைத் தன்னார்வலர் வாயிலாகக் கட்டணமின்றிக் கேட்டு வருகிறது. 2022 முதல் மைய அரசின் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் உளநல ஆலோசனை பெற இயலுகிறது.

வாயில்கள் திறந்திருக்கின்றன, நுழைவதற்கே தயங்குகிறோம். மகன் பேசாமல் அறைக்குள் அடைந்து கிடந்தால், படிப்பில் அக்கறையில்லை என்று கடிந்துகொள்ளும் பெற்றோராகவும், பின்வரிசையில் வாடிய முகத்துடன் அமர்ந்திருக்கும் மாணவியைக் கவனியாது பாடத்தை முடித்துச் செல்லும் ஆசிரியராகவும் நாமே இருந்திருக்கிறோம். கிரீந்திரசேகர் போஸின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே: ஒருவர் துயரைக் குறுக்கிடாமல், பழி கூறாமல், பிறரிடம் வெளியிடாமல் கேட்பது மருத்துவத்தின் தொடக்கம். அத்தொடக்கத்தை நம் வீட்டிலும் வகுப்பறையிலும் மஹல்லாவிலும் நாம் செய்ய இயலும். அதற்கு மேலும் உதவி வேண்டுமாயின், உரிய மருத்துவரிடம் பகலிலேயே, தலைநிமிர்ந்தே, அவர்களை அழைத்துச் செல்வோம்.