ஐன்ஸ்டீனின் சந்தேகத்துக்குக் கணக்குப் போட்ட ஜெனீவாக்காரர்

ஜெனீவா என்றால் எங்கட ஆக்களுக்கு உடனே ஞாபகம் வருவது ஐ.நா. முன்றல்தான். ஆனால் கோர்னவன் ரயில் நிலையத்தில் 18ஆம் இலக்க ட்ராமில் ஏறினால், கடைசித் தரிப்பிடத்தில் இன்னொரு ஜெனீவா இருக்கிறது: செர்ன் ஆராய்ச்சிக்கூடம். அங்கே 30 வருடம் வேலை செய்து, 1990 ஒக்டோபர் 1ஆம் திகதி இதே நகரத்தில் கண்மூடிய ஒருவரை எங்கட பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேணும். அவர் பெயர் ஜோன் ஸ்டுவர்ட் பெல். அவரும் எங்களைப் போல வெளியில் இருந்து வந்து சுவிஸில் வாழ்ந்தவர்தான்.

பெல் 1928 ஜூலை 28இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். பெரிய வசதி இல்லாத குடும்பம், நான்கு பிள்ளைகள். அங்கே அந்தக் காலத்தில் 14 வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போவதுதான் வழக்கம். கூடப்பிறந்தவர்கள் அப்படித்தான் போனார்கள். படிப்புத்தான் பிள்ளையை நல்லாக்கும் என்று நம்பிய தாய், இவரை மட்டும் எப்படியோ தொடர்ந்து படிக்க வைத்தார். தொழில்நுட்பப் பள்ளியில் படித்து முடித்தபோது இவருக்கு 16 வயது. பல்கலைக்கழகத்தில் சேர வயது போதாது. அதனால் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பௌதிக ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். பையனின் ஆர்வத்தைக் கண்ட பேராசிரியர்கள் புத்தகம் கொடுத்தார்கள், முதலாம் ஆண்டு வகுப்பில் இருந்து கேட்கவும் விட்டார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் மாணவரானார். 1948இல் ஒரு பட்டம், 1949இல் இன்னொரு பட்டம்.

இதை நாங்கள் கொஞ்சம் யோசிக்க வேணும். பிள்ளை கிம்னாசியத்துக்குப் போகாமல் லேரே எடுத்தால் ஏதோ வாழ்க்கையே முடிந்த மாதிரிச் சில வீடுகளில் கதைக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகத்தின் மிக ஆழமான முடிவுகளில் ஒன்றைத் தந்தவர் தொடங்கியது ஆய்வுகூட உதவியாளராகத்தான்.

பிறகு இங்கிலாந்தில் துகள் முடுக்கிகளை வடிவமைக்கும் வேலை. அங்கேதான் அதே துறையில் இருந்த ஸ்கொட்லாந்துக்காரி மேரி ரோஸைச் சந்தித்தார். 1954இல் கலியாணம். 1960இல் இரண்டு பேருமாக ஜெனீவாவுக்கு வந்து செர்னில் சேர்ந்தார்கள். சம்பளத்துக்கு அவர் செய்தது துகள் பௌதிகமும் முடுக்கிகளும். குவாண்டம் கோட்பாட்டின் அடிப்படையை அவர் ஆராய்ந்தது ஓய்வு நேரத்தில். அந்தக் காலத்தில் அதைத் தோண்டுவது நேரத்தை வீணாக்கும் வேலை என்றுதான் பலர் நினைத்தார்கள்.

அப்படி என்ன கேள்வி அது? பேர்ன் நகரின் கிராம்காஸே 49இல் குடியிருந்த ஐன்ஸ்டீனை எல்லோருக்கும் தெரியும். அவர் 1935இல், அமெரிக்காவில் இருந்தபோது, பொடோல்ஸ்கி, ரோஸன் என்ற இருவரோடு சேர்ந்து ஒரு சந்தேகத்தை எழுப்பினார். ஒன்றாகப் பிறந்து பிரிந்து போகிற இரண்டு துகள்களில் ஒன்றை இங்கே அளந்தால், தூரத்தில் உள்ள மற்றதின் விடையும் உடனே தெரிந்துவிடுகிறது. குவாண்டம் கோட்பாடோ, அளக்கும் வரை விடை என்று ஒன்று நிச்சயமாக இல்லை என்கிறது. அப்படியென்றால் இங்கே செய்வது அங்கே உடனே பாதிக்கிறதா? அது நடக்காது, விடைகள் முதலே துகள்களுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும், கோட்பாடுதான் முழுமையாக இல்லை என்றார் ஐன்ஸ்டீன். கிட்டத்தட்ட 30 வருடம் இது தத்துவ விவாதமாகவே கிடந்தது. இதைக் கணக்கால் சோதிக்கலாம் என்று 1964இல் காட்டியவர் பெல்.

அந்தக் கணக்கை எளிமையாக்கிப் பார்ப்போம். அக்காவும் தம்பியும் வெவ்வேறு நகரத்தில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி வரும். கேள்விகள் மொத்தம் மூன்று, விடை ஓம் அல்லது இல்லை. இருவருக்கும் ஒரே கேள்வி வந்தால் எப்போதும் ஒரே விடைதான் சொல்கிறார்கள். தொலைபேசி இல்லை. அப்படியானால் வீட்டை விட்டு வெளிக்கிட முதலே மூன்று விடைகளையும் பேசி வைத்திருக்க வேண்டும். மூன்று விடை, இரண்டே வகை. ஆகவே எப்படி எழுதினாலும் குறைந்தது இரண்டு விடை ஒன்றாகத்தான் இருக்கும். எனவே அவர்களுக்கு வெவ்வேறு கேள்வி வரும்போதும், மூன்றில் ஒரு தடவையாவது விடைகள் ஒத்துப்போக வேண்டும். அதற்குக் குறைய முடியாது.

ஆனால் தகுந்த கோணங்களில் ஒளித்துகள்களைக் கேட்டால், நான்கில் ஒரு தடவைதான் ஒத்துப்போகும் என்கிறது குவாண்டம் கோட்பாடு. மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா? பரிசோதனை செய்து எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெல் செய்த வேலையின் சாரம் இதுதான்.

அந்தக் கட்டுரை வந்த சஞ்சிகை சில வருடங்களில் நின்றுபோனது. கட்டுரையையும் அப்போது பெரிதாக ஒருவரும் கவனிக்கவில்லை. 1972இல் அமெரிக்காவில் கிளவுசரும் ஃப்ரீட்மனும் முதல் பரிசோதனையைச் செய்தார்கள். அலன் அஸ்பே என்ற பிரெஞ்சு இளைஞர் இதே வேலையில் இறங்க விரும்பி ஜெனீவாவுக்கு வந்தபோது, பெல் முதலில் விசாரித்தது அவருக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்பதைத்தான். இந்தத் துறையைத் தொட்டால் எதிர்காலம் போய்விடும் என்ற நிலைமை அது. அஸ்பேயின் 1982 பரிசோதனை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எல்லாம் ஐன்ஸ்டீன் விரும்பியதற்கு எதிராகவே வந்தன. இதில் பெல்லுக்குச் சந்தோஷம் மட்டும் இல்லை. அவருடைய மனம் உண்மையில் ஐன்ஸ்டீன் பக்கம்தான் சாய்ந்திருந்தது. தன் விருப்பத்துக்கு எதிராகக் கணக்கு வந்தபோதும் அதை மறைக்காமல் முன்வைத்தார்.

இதற்கு என்ன அர்த்தம் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. தூரம் நாங்கள் நினைப்பது போல முழுத் தடை இல்லை என்பவர்கள் ஒரு பக்கம். பெல்லும் அந்தப் பக்கம்தான். அளக்க முதல் விடை என்ற ஒன்றே இல்லை என்பவர்கள் இன்னொரு பக்கம். ஆனால் ஒன்று நிச்சயம்: இதை வைத்து ஒரு செய்தியும் அனுப்ப முடியாது. இங்கே என்ன விடை வரும் என்பதை எங்களால் தீர்மானிக்க முடியாது. அங்கே இருப்பவருக்குத் தெரிவதும் வெறும் ஓம், இல்லை வரிசைதான். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால்தான் ஒற்றுமை விளங்கும். பட்டியலைக் கொண்டுவர சாதாரண வழிதான் வேணும்.

வாட்ஸ்அப்பில் வரும் கதைகளை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 2004இல் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த நடராஜர் சிலை செர்ன் வளவில் நிற்பது உண்மை, எங்களுக்குப் பெருமையும்கூட. ஆனால் அதைக் காட்டி, மனசால் தூரத்தில் இருப்பவரைத் தொடலாம் என்று குவாண்டம் நிரூபித்துவிட்டது என்று சொல்வது பொய். கோவிலுக்குப் போகிறவருக்கு அதற்கான நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பெல்லைச் சாட்சிக்குக் கூப்பிடத் தேவையில்லை.

பெல் 62 வயதில் மூளை இரத்தக்கசிவால் திடீரென இறந்தார். ஏழு வருடம் கழித்து ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் நிக்கொலா ஜிசன் குழு, பெல்வூ, பேர்னெக்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையில், ஏறத்தாழ 11 கிலோமீற்றர் தூரத்தில், சாதாரணத் தொலைபேசிக்குப் போட்ட கண்ணாடி இழைகளைக் கொண்டே பெல்லின் கணக்கைச் சோதித்து உறுதி செய்தது. 2007 தேர்தலில் ஜெனீவா மாநிலம் வாக்கு விபரங்களை அனுப்பக் குவாண்டம் குறியாக்கத்தைப் பயன்படுத்தியது. 2022இல் அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் கிடைத்தது. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கொடுப்பதில்லை. 2023இல் சூரிச் ஈ.டி.எச். 30 மீற்றர் நீளக் குளிரூட்டிய குழாய் ஒன்றை அமைத்து, மீத்திறன் மின்சுற்றுகளை வைத்து அதே சோதனையைச் செய்து அதே விடையைப் பெற்றது.

அடுத்த முறை ஜெனீவாவுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளோடு அந்த 18ஆம் இலக்க ட்ராமில் கடைசி வரை போய்ப் பாருங்கள். தரிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே செர்னின் காட்சிக்கூடம் இருக்கிறது, அனுமதி இலவசம். போகிற வழியில் அந்த மூன்று கேள்விக் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு துண்டுக் கடதாசி போதும்.