பிடிக்காத கிச்சன் வேலையில் நிம்மதி: யார் இந்த சகோதரர் லாரன்ஸ்?

காலையில் லாகின் பண்ணும்போதே சலிப்பா? 17-ம் நூற்றாண்டு பாரிஸில் ஒருத்தர் இதே சலிப்போடுதான் அடுப்படிக்குள் போனார்.

யார் இவர்?

இயற்பெயர் நிக்கோலா எர்மான். இன்றைய பிரான்ஸின் லொரேன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிப்பாயாக இருந்தபோது காயம்பட்டு, கால் ஊனமானது. பிறகு வீட்டு வேலைக்காரர். 1640-ல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்து, சகோதரர் லாரன்ஸ் ஆனார்.

என்ன செய்தார்?

மடத்தில் கிடைத்தது சமையல் வேலை. அது அவருக்குச் சுத்தமா பிடிக்காது. ஆனாலும் சுமார் 15 வருஷம் அதே அடுப்படிதான். ஜெபத்துக்கு ஒரு நேரம், வேலைக்கு ஒரு நேரம் என்று அவர் பிரிக்கவில்லை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் கடவுள் பக்கத்திலேயே இருப்பதாக உணர்ந்து, கையில் இருந்த வேலையை அவருக்காகச் செய்தார். மனசு அலைபாய்ந்தால் தன்னையே திட்டிக்கொள்ளாமல், மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.

உடனே பலன் கிடைத்ததா?

இல்லை. முதல் பத்து வருஷம் கடும் மனப் போராட்டம். அதற்குப் பிறகுதான் நிம்மதி வந்தது. பின்னாளில் மடத்தில் செருப்பு தைத்தார். 1691-ல் இறந்த பிறகே அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் புத்தகமாகின.

அடுத்த மெயிலைத் திறக்கும் முன், மனசு எங்கே இருக்குன்னு ஒரு நொடி பாருங்க. லாரன்ஸ் தொடங்கியதும் அங்கேதான்.